சந்தனசாமி அண்ணனும் காம்ப்ளெக்ஸ் லிஃப்டும்

எங்கள் ஊர் மலேசியாவில், ஜோகூர் மாநிலத்து ரெங்கத்திலிருந்து குளுவாங் போகும் பாதையில் இருக்கிறது. பாதையில் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை கிடையாது. ஒரு காலத்தில் ஒரே ஒரு பெருமை இருந்தது, ஸ்ரீ இனாய் காம்ப்ளெக்ஸ். மூன்று தளம், அறுபத்து நான்கு கடை, மேலே ஏற ஒன்றும் கீழே இறங்க ஒன்றுமாக எஸ்கலேட்டர், ஒரு லிஃப்ட். தொண்ணூற்று நான்காம் ஆண்டு அதைத் திறந்தபோது எனக்குப் பதினாலு வயது. சிங்கப்பூரே எங்கள் ஊருக்கு வந்துவிட்டது என்று என் வாப்பா சொன்னார். வாப்பா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

அந்தக் காம்ப்ளெக்ஸின் வரலாற்றை யாராவது எழுதினால் கட்டினவர் பெயர் வரும், திறந்துவைத்தவர் பெயர் வரும், இப்போது வளைத்து வளைத்து வாங்குகிறவர்கள் பெயரும் வரும். சந்தனசாமி அண்ணன் பெயர் வராது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். நான் ஷஹீரா. கீழ்த்தளத்தில் லிஃப்டுக்கு நேர் எதிரே பத்தொன்பது வருடமாகப் போட்டோகாப்பி கடை வைத்திருக்கிறேன். வாடகைக் கடைதான், சொந்தமில்லை. அண்ணனைப் பற்றி நான் நல்லது மட்டும் எழுதப்போவதில்லை. என்னைப் பற்றியும் அப்படித்தான்.

அண்ணன் அந்தக் கட்டடத்துக்குள் முதலில் வந்தது சிமெண்ட் மூட்டை தூக்க. ரப்பர் தோட்டத்துப் பிள்ளை, இருபத்தைந்து வயது, நல்ல உடம்பு. கட்டி முடித்ததும் மற்றவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். இவரை மட்டும் மானேஜர் நிறுத்திக்கொண்டார். காரணம் எஸ்கலேட்டர். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஜனங்கள் லாரி பிடித்து வந்தார்கள், சாமான் வாங்க அல்ல, அதில் ஏறிப் பார்க்க. பெண்கள் அதன் முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். முதல் வாரத்திலேயே இரண்டு பேர் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார்கள். மானேஜர் பயந்துபோய், ஏறுகிறவர்களின் கையைப் பிடித்து முதல் படியில் கால் வைக்கச் சொல்லித்தர ஓர் ஆளை நிறுத்தினார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அண்ணன் நாள் முழுக்க அங்கே நிற்பார். "இப்ப வைங்க, வைங்க, அவ்வளவுதான்" என்று ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை சொல்வார்.

ஐலீன் அக்கா அங்கேதான் கிடைத்தாள். ரெங்கத்துப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கிறிஸ்துமஸ் துணி எடுக்க வந்தவள். மூன்று தடவை ஏறி இறங்கினாளாம். இரண்டாவது தடவையிலேயே பயம் போய்விட்டது, ஆனாலும் மூன்றாவது தடவையும் கையைக் கொடுத்தாள் என்று அண்ணன் சொல்வார். "பொய்யி. இவருதான் கைய விடல" என்று அக்கா சொல்வாள். இருபத்தெட்டு வருடக் கல்யாணத்தில் இந்த வழக்குக்கு மட்டும் தீர்ப்பே வரவில்லை. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு காம்ப்ளெக்ஸ் தேய ஆரம்பித்தது. முதலில் இரண்டாம் மாடி சினிமா மூடியது. குளுவாங்கில் பெரிய கடைகள் வந்ததும் கீழ்த்தளத்து சூப்பர்மார்க்கெட் ஒரே வாரத்தில் மூட்டை கட்டியது. வீடியோ கேம் கடை போனது. எஸ்கலேட்டரின் உதிரிப் பாகம் கிடைக்காமல் அது நின்றது, நின்ற இடத்திலேயே சாதாரணப் படியாகிவிட்டது. ஒவ்வொன்று மூடும்போதும் ஓர் ஆளைக் குறைத்தார்கள், குறைத்த ஆளின் வேலை அண்ணன் தலையில் ஏறியது. கூட்டுவது, குழாய் பார்ப்பது, பல்பு மாற்றுவது, கடைசியில் லிஃப்டும். லிஃப்ட் கம்பெனி ஆள் வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தே பாதி வேலையைக் கற்றுக்கொண்டார். காலையில் யாரையும் ஏற்றுவதற்கு முன்னால் தான் மட்டும் மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்ப்பார். செத்தால் ஒருவன்தானே என்பார்.

எட்டு ஒன்பது வருடத்துக்கு முன்னால், காலியாகக் கிடந்த சினிமா இடத்தில் டயாலிசிஸ் மையம் வந்தது. லிஃப்ட் ஓடுகிற ஒரே பழைய கட்டடம் அது என்பதால்தான் வந்தது. மூன்று வருடம் கழித்து அக்காவுக்குச் சர்க்கரை முற்றி இரண்டு சிறுநீரகமும் போயின. அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் அவள் அந்த மெஷினில். அண்ணன் மோட்டார்சைக்கிளில் பத்து நிமிடத்தில் கூட்டிவருவார், லிஃப்டில் மேலே அனுப்புவார், கீழே வேலை பார்ப்பார், முடிந்ததும் போய் அழைத்துவருவார். மெஷினிலிருந்து எழுந்து வரும்போது அக்காவால் நிற்கவே முடியாது. லிஃப்ட் கதவு திறந்தால் எதிரே என் கடை, அங்கே அவளுக்கென்று ஒரு நாற்காலி. அரை மணி நேரம் உட்கார்ந்து ஊர் வம்பு பேசிவிட்டுத்தான் போவாள். லிஃப்ட் ஓடும்வரை அக்கா இருப்பாள். எனக்கும் அண்ணனுக்கும் அது கணக்குப்போல் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இதற்கிடையே ஜோகூர் பாருவிலிருந்து ஒரு கம்பெனி கடைகளை ஒவ்வொன்றாக வாங்கியது. இடிக்க வேண்டும் என்றால் அறுபத்து நான்கும் வேண்டும். அவர்களிடம் இருபத்தேழு இருந்தது. மிச்சப் பேர் விற்கவில்லை. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வருடாந்தரக் கூட்டத்தில், செலவைக் குறைக்க லிஃப்டையும் மேல்மாடிப் பொது விளக்குகளையும் பிப்ரவரி முதல் தேதியிலிருந்து நிறுத்துவது என்று ஒரு தீர்மானம். மேல்மாடி இருண்டால் டயாலிசிஸ் மையம் போகும், அது போனால் வருகிற கொஞ்ச நஞ்சப் பேரும் போவார்கள், பிறகு கடைக்காரர்கள் தாங்களே வந்து விற்பார்கள். புத்திசாலிகள்தான், அவர்கள் தலையில் இடி விழ.

ஒரு கடைக்கு ஓர் ஓட்டு. அவர்களிடம் இருபத்தேழு. இருபத்தெட்டுப் பேரைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் தீர்மானம் தோற்கும். அண்ணன் அந்த டிசம்பர் முழுக்க வேறு எதையும் நினைக்கவில்லை. உரிமையாளர்கள் செனாயில், தங்காக்கில், மலாக்காவில், சிங்கப்பூரில் என்று சிதறிக் கிடந்தார்கள். நான் அவர்கள் பெயரையும் நம்பரையும் கொட்டை எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒரே வசனம்தான்.

"ஒரு தடவ வந்துட்டுப் போங்க. உங்க கடைக்காகவும்தான், என் பொஞ்சாதிக்காகவும்தான். வெள்ளிக்கிழம மூணாம் தேதி, ஜும்ஆ முடிஞ்சு மூணு மணி, எப்பவும் போல."

முப்பத்தோரு பேர் வருவதாகச் சொன்னார்கள். முப்பத்தோரு தடவையும் அந்த வசனம் என் காதில் விழுந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜோகூரில் பதினோரு வருடமாக வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. காம்ப்ளெக்ஸ் கூட்டம் எப்போதும் விடுமுறையின் முதல் நாள், வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து மூன்று மணிக்கு நடக்கும். இரண்டாயிரத்து இருபத்தைந்து ஜனவரி முதல் தேதியிலிருந்து விடுமுறை சனி, ஞாயிறாக மாறியது. ஊருக்கே தெரியும். எங்களுக்கும் தெரியும். இனிமேல் அக்காவோடு மாதாகோயில் ஞாயிறு பூசைக்கு லீவு கேட்காமல் போகலாம் என்று அண்ணனே சந்தோஷப்பட்டார். கட்டட நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட ரூபேந்திரன், "முதல் வாரம், லீவு நாள், மூணு மணி, வழக்கம் போல" என்று போனில் சொன்னதோடு சரி. நோட்டீஸில் சனிக்கிழமை நான்காம் தேதி என்று தெளிவாகப் போட்டிருந்தான். அந்த நோட்டீஸை எழுபது பிரதி நகல் எடுத்தது நான். ஒரு பிரதியைக் கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியது அண்ணன். இரண்டு பேரும் படிக்கவில்லை. என்ன விஷயம் என்றுதான் ஏற்கெனவே தெரியுமே! தபாலில் போனவற்றில் பாதி பழைய விலாசங்களுக்குப் போயின, மீதியைப் பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம்? சந்தனசாமியே சொல்லிவிட்டார், போதும்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் தேதி இருபத்தொன்பது பேர் வந்தார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இருபத்தொன்பது. முதல் மாடியில் வீடியோ கேம் கடை இருந்த கூடத்தை அண்ணன் கழுவித் துடைத்து நாற்காலி போட்டிருந்தார். தன் கைக்காசில் கறிபாப் பலகாரமும் தேநீரும். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு எஸ்கலேட்டர் நாட்களில் நின்றதைப்போலவே வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கைபிடித்து உள்ளே அனுப்பினார். பக்கத்துக் கடை ருக்னுதீன் மாமா தொழுகை முடிந்து நேராக வந்தார். உறவில்லை, ஊர் வழக்கத்தில் மாமா. நாற்பது வருடத் துணி வியாபாரி, காம்ப்ளெக்ஸில் முதல் கடை திறந்தவர். "சாமி, எண்ணிட்டேன், ஜெயிச்சாச்சு" என்று அண்ணன் முதுகில் தட்டினார். அண்ணன் முகத்தை அப்படிப் பூரிப்பாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்றேகால் ஆனது. மூன்றரை ஆனது. கம்பெனி ஆட்கள் ஒருவரும் இல்லை, ரூபேந்திரனும் இல்லை. பயந்துவிட்டான் என்று யாரோ சிரித்தார்கள். அண்ணன் ரூபேந்திரனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"ரூபேந்திரன், எங்க இருக்கீங்க? எல்லாரும் வந்துட்டாங்க."

"எங்க வந்துட்டாங்கண்ணே?"

"மீட்டிங்குக்கு."

"அண்ணே, மீட்டிங் நாளைக்குலா. சனிக்கிழம. லீவு மாறிப் போச்சுல்ல? நோட்டீஸ்ல போட்டிருக்கேனே."

"அலமாக், ஐயோ" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"சரி, இன்னிக்கே வச்சிருங்க தம்பி. ஆளுங்க இருக்காங்க. நீங்க வந்தா போதும்."

"முடியாதுண்ணே. போட்ட தேதியிலதான் வைக்கணும்."

"அப்ப எல்லாரும் கையெழுத்துப் போட்டு எங்கிட்ட குடுத்துட்டுப் போகட்டும். நான் நாளைக்கு ஓட்டுப் போடுறேன்."

"அந்த ஃபாரம் ரெண்டு நாளைக்கு முன்னாடியே வந்திருக்கணும்ணே. நான் என்ன பண்ணட்டும், சட்டம் அப்படி."

அடுத்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வருகிறது. அண்ணன் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று கும்பிட்டார். காளியம்மா என்ற அம்மாள் சிங்கப்பூரில் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர், இன்றைக்கே ஆள் மாற்றிவிட்டு வந்திருந்தார். "நாளைக்கும் போகலன்னா வேலய விட்டுத் தூக்கிருவாங்கண்ணே" என்று அழுதார். ஒருவர் கோபத்தில் கறிபாப்பைத் தட்டிலேயே வீசிவிட்டுப் போனார். ஒருவர் கட்டாயம் வருகிறேன் என்று சத்தியம் செய்தார், வரவில்லை. அண்ணன் கார் நிறுத்துமிடம் வரை ஓடினார். ஓடுகிற காரின் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே போனார். ருக்னுதீன் மாமாவுக்கு மறுநாள் மலாக்காவில் தம்பி மகள் நிக்காஹ். தம்பி இறந்துவிட்டார், அந்தப் பெண்ணைக் கைபிடித்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பாளர் மாமாதான். அவர் இல்லாமல் நிக்காஹ் ஓதவே முடியாது. அவர் அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை கம்பெனி ஆட்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கம் ஒன்பது பேர். அரை மணி நேரத்தில் முடிந்தது. தலைக்கு மேல் ஒரு மாடி தள்ளி ஐலீன் அக்கா மெஷினில் படுத்திருந்தாள்.

அன்று மாலை லிஃப்ட் கதவு திறந்தது. அக்கா அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"யாருமே வரலியா?"

"ஒம்பது பேரு."

"வரேன் வரேன்னு சொன்னாங்களே. பாய் கூடவா வரல?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தை அடுக்கினேன். "மலாக்காவுல கல்யாணம்" என்றார் அண்ணன். சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அக்கா வருவதாகச் சொல்லி வராதவர்களையெல்லாம் சபித்தாள். முகம் தெரியாதவர்களைச் சபிப்பது கஷ்டம், அதனால் பாதிக்கு மேல் ருக்னுதீன் மாமா தலையில்தான் விழுந்தது. அவர் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் நேராகப் போய், "கல்யாண பிரியாணி ருசியா இருந்துச்சா பாய்?" என்று கேட்டாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு துணி மடித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் போனதும் நான் போய்க் கேட்டேன், நீங்கள் ஏன் மாமா வாங்கிக் கட்டிக்கொள்கிறீர்கள் என்று.

"அவ சீக்காளிப் பொம்பள. யாரையாவது திட்டணும்லம்மா. புருஷனத் திட்டினா அவன் பின்னாடி உக்காந்து எப்படி வீட்டுக்குப் போவா? என்னைத் திட்டட்டும், எனக்கு என்ன கொறஞ்சு போச்சு."

அண்ணனுக்கும் இது தெரியும். அக்கா திட்டும்போது அவரும் கூடவே "ஆமா, மோசக்காரனுங்க" என்று சொல்லியிருக்கிறார். என் காதாலேயே கேட்டேன். அதற்கு நான் அவரை மன்னிக்கவில்லை. அதே சமயம் அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்பதும் எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கு இருந்தது அவர் ஒருவர்தான். அவரால்தான் இது வந்தது என்று தெரிந்தால் அவள் யாரைப் பிடித்துக்கொள்வாள்?

பிப்ரவரி முதல் தேதி காலையில் லிஃப்டை நிறுத்திச் சாவியை ரூபேந்திரனிடம் கொடுத்தது அண்ணன்தான். அதற்கும் அவர்தான் ஆள். அன்று சனிக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு அக்காவை முதுகில் ஏற்றிக்கொண்டு நாற்பத்து நான்கு படி ஏறினார். அக்காவை மட்டுமல்ல, மற்ற நோயாளிகளையும் தூக்கினார். இரண்டாவது வாரம் அவர் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அவரும் நேப்பாளக் காவல்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினார்கள். அதற்குள் இரண்டு பேர் வருவதை நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் ஈப்போவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். இன்னொருவருக்கு என்ன ஆனது என்று அக்காவிடம் யாரும் சொல்லவில்லை.

மார்ச் கடைசியில் மையம் ஒரு மணி நேரத் தூரத்திலிருக்கும் செனாய்க்குப் போகிறது என்று அங்கே வேலை செய்யும் நர்ஸ் லோஷினி சொன்னாள். பக்கத்துக் குளுவாங் மையத்தில் கேட்டால், இடமில்லை, பெயர் எழுதிவைக்கிறோம் என்றார்கள். காத்திருக்கிறவர்கள் ஏற்கெனவே பத்தொன்பது பேர். "நான் செனாய்க்கே கொண்டு போயிருவேன்" என்று அண்ணன் பிடிவாதமாகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பழகிப் பார்க்கலாம் என்று அக்காவை மோட்டார்சைக்கிளில் ஏற்றி, கோயிலுக்குக் கட்டிவந்த சேலை முந்தானையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பாதி வழிகூடப் போகவில்லை. பின்னால் அவள் தலை தொங்கிவிட்டது. சாலை ஓரத்தில் நிறுத்தி, முடிச்சை அவிழ்க்க முடியாமல், இரண்டு பேரும் ஒன்றாகப் புல்லில் விழுந்தார்கள். மெஷினுக்குப் போகாத நாளிலேயே இந்தக் கதி. இதை அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள், அண்ணன் சிரிக்கவில்லை.

மார்ச் ஆறாம் தேதி, வியாழக்கிழமை. எங்களுக்கு நோன்பு தொடங்கி ஐந்தாம் நாள். அவர்களுக்கு முந்தின நாள்தான் சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம். காவல்காரரை முதல் நாள் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அண்ணன் நாற்காலியைப் போட்டு அக்காவை உட்காரவைத்துவிட்டு, தனியாகத் தூக்க முடியுமா என்று ஒரு பக்கமும் இன்னொரு பக்கமும் மாறி மாறி நின்று பார்த்தார். அக்காவின் கால்கள் வீங்கி மினுமினுத்தன, மூச்சு இழுத்தது. செவ்வாய்க்கிழமை பாதியிலேயே நிறுத்திவிட்டார்களாம், இன்று தவறவிடவே முடியாது என்று லோஷினி மேலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

நான் கடையை விட்டு எழுந்திருக்கும் முன்னால் ருக்னுதீன் மாமா வந்துவிட்டார். அறுபத்தெட்டு வயது, நோன்பு வாய், உதடு காய்ந்திருந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"கைய எடுங்க பாய்" என்றாள் அக்கா.

மாமா அசையவில்லை.

"அன்னிக்கு வராத கை இன்னிக்கு எதுக்கு? நீங்க ஒரு ஆள் வந்திருந்தா உங்களப் பாத்து நாலு பேரு வந்திருப்பாங்க. என்னைக் கொன்னுட்டு இப்ப தூக்க வந்திருக்கீங்களா? நான் படியிலயே சாவுறேன். கைய எடுங்க!"

அவள் குரல் காலிக் கட்டடம் முழுக்க எதிரொலித்தது. மாமா கையை எடுத்தார். மேல்மூச்சு வாங்க நிமிர்ந்து, "சரிம்மா, சரி" என்று மட்டும் சொன்னார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது சொல்லுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். இரண்டு மாதமாக நானும் திறக்காத வாய்தான், ஆனாலும் கத்தினேன்.

"பாய் வந்தாரு" என்றார் அண்ணன்.

"என்ன?"

"வந்தாரு ஐலீன். எல்லாரும் வந்தாங்க. இருபத்தொம்பது பேரு. வெள்ளிக்கிழம வந்தாங்க." அண்ணன் நாற்காலியின் கையைப் பிடித்தபடியே பேசினார், அவளைப் பார்க்கவில்லை. "மீட்டிங் சனிக்கிழம. நான்தான் எல்லாருக்கும் வெள்ளிக்கிழமன்னு சொல்லிட்டேன். பழக்க தோஷத்துல சொல்லிட்டேன். பாய் மேல ஒரு தப்பும் இல்ல. யார் மேலயும் இல்ல."

அக்கா மாமாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எங்கள் இருவர் முகத்திலும் அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"வெள்ளிக்கிழமன்னு சொன்னதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள், மூச்சு விட்டு மூச்சு விட்டு. "எனக்கும்தான் தோணல. ஆனா ரெண்டு மாசம் நான் இந்த மனுஷன சபிக்கும்போது பக்கத்துல உக்காந்து ஆமா போட்டீங்கல்ல. நேத்து நெத்தியில சாம்பல் வாங்கிட்டு வந்தும் சபிச்சேனே. அப்பவும் ஆமா போட்டீங்கல்ல."

"பயந்துட்டேன் ஐலீன்."

"கைய எடுங்க."

அதே வார்த்தை, ஆனால் இப்போது சத்தமில்லாமல். அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. அவள் நாற்காலியின் கையைப் பிடித்திருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அவர் ஓரடி பின்னால் போனார்.

"பாய், மன்னிச்சிருங்க" என்றாள். "அந்தப் பக்கம் புடிங்க. ஷஹீரா, நீ இந்தப் பக்கம் வா."

மாமா மறுபடி குனிந்தார். நான் அண்ணனைத் தாண்டிப் போனேன். அவர் வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார், இரண்டு கையும் இன்னும் முன்னால் நீண்டபடி. "நான் பின்னாடி வரேன், கால மட்டும் புடிச்சுக்கறேன்" என்றார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

நாங்கள் ஏறினோம். மாமா ஒவ்வொரு படிக்கும் பிஸ்மில்லா என்றார். பதினோராவது படியில் நின்று மூச்சு வாங்கினோம், பிறகு பதினெட்டாவதில். அக்காவின் நகங்கள் என் தோளில் பதிந்திருந்தன. கீழேயிருந்து அண்ணன், "வலது பக்கம் தூக்கிப் புடி, வலது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தூக்கிப் பிடித்தேன். அவர் ஒரு மாதமாகப் பிடித்திருந்த பக்கம் அது. ரொம்பக் கனமாக இருந்தது.